அன்பும் விழிப்பும்

கற்றல் நோக்கங்கள்

• செல்லப் பிராணிகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களையும் அவை பரவும் வழிகளையும் அறிதல்.
• நாய், பூனை ஆகியவற்றின் கடியோ கீறலோ ஏற்பட்டால் உடனே செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திக் கூறுதல்.
• தமிழிலும் மலையாளத்திலும் ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்களை அறிந்து பயன்படுத்துதல்.

நுழையும் முன்

வீட்டு வாயிலில் வாலாட்டும் நாயும், அடுப்படியில் சுருண்டு உறங்கும் பூனையும் குடும்பத்தின் உறுப்பினர்களாகவே மதிக்கப்படுகின்றன. அவற்றின் மீது அன்பு கொள்வது மனிதப் பண்பு. அவற்றின் உடல்நலத்தையும் தம் உடல்நலத்தையும் ஒருசேரக் காப்பது மனிதக் கடமை. அக்கடமையை நிறைவேற்றத் தேவையான அறிவை இப்பாடம் வழங்குகிறது.

நடுகல்லில் நிற்கும் நாய்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. போரில் இறந்த வீரனின் உருவத்துக்கு அருகில் நாய் ஒன்றின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். கள்வரைக் கடித்துக் காவல் காத்த அதன் செயலைக் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயரை அழியாக் கல்லில் காத்து வருவது தமிழ் நிலம்.

வீட்டு விலங்குகளோடு தமிழர் கொண்ட உறவு இத்தகைய தொன்மை உடையது. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தபோதும் அவ்வுறவு உடன் வந்தது. கொச்சி நகரின் மட்டாஞ்சேரியிலும், அதனை அடுத்த கோட்டைக் கொச்சியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வெளி என்னும் பகுதியிலுள்ள பொதுச் சலவைக்கூடத்தில் இன்றும் தொழில் செய்கின்றனர். வணிகத்துக்காகவும் கூலி வேலைக்காகவும் பின்னர் வந்தோரும் உளர்.

மட்டாஞ்சேரியின் தெருக்கள் மனிதருக்கு மட்டும் உரியவையாக இல்லை. கடைவீதியின் பண்டகசாலைகளில் மிளகு மூட்டைகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் இடையே பூனைகள் உலவுகின்றன. சந்து பொந்துகளில் ஆடுகள் திரிகின்றன. சமணக் கோயில் முற்றத்தில் புறாக்கள் கூட்டமாக இறங்குகின்றன. மீன் விற்கும் இடங்களை நாய்களும் பூனைகளும் காத்துக் கிடக்கின்றன. நெருக்கமாக அமைந்த வீடுகளில் குழந்தைகளும் விலங்குகளும் ஒரே திண்ணையில் விளையாடுகின்றனர். அன்பு இயல்பாக வளரும் இத்தகைய இடத்தில் விழிப்பும் உடன் வளர வேண்டும்.

விலங்குவழி நோய்கள்

விலங்கிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய் விலங்குவழி நோய் எனப்படும். மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு விலங்குகளோடு தொடர்புடையவை என்று அறிவியலார் கணக்கிட்டுள்ளனர். நோய்க்கிருமிகள் நான்கு வழிகளில் விலங்கிடமிருந்து மனித உடலை அடைகின்றன.

முதலாவது, கடியும் கீறலும். விலங்கின் உமிழ்நீரில் உள்ள கிருமி காயத்தின் வழியே உட்புகும். இரண்டாவது, கழிவுகள். சிறுநீரும் மலமும் கலந்த நீர், மண், உணவு ஆகியவற்றால் நோய் பரவும். மூன்றாவது, தொடுதலும் மூச்சும். தோலில் உள்ள பூஞ்சை, காய்ந்த எச்சத்தின் தூசி ஆகியவை இவ்வகையைச் சேரும். நான்காவது, இடைத்தரகர்களாகிய பூச்சிகள். கொசு, உண்ணி, தெள்ளுப்பூச்சி முதலியன ஓர் உடலில் குருதியை உறிஞ்சி மற்றோர் உடலுக்குக் கிருமியைக் கடத்துகின்றன.

இந்நான்கு வழிகளையும் அடைக்கத் தெரிந்தவர் எந்த விலங்கையும் அஞ்சாது வளர்க்கலாம்.

வெறிநாய்க்கடி நோய்

விலங்குவழி நோய்களுள் மிகக் கொடியது ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய். இதற்குக் காரணம் ஒரு வகை வைரஸ். நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இவ்வைரஸ் இருக்கும். கடித்த இடத்தின் வழியே உட்புகுந்து, நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்லும். இப்பயணத்துக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சிலரிடம் ஒரு வாரத்திலேயே முடிந்துவிடலாம். சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் நீளலாம். தலை, முகம், கழுத்து ஆகிய இடங்களில் ஏற்படும் கடி மூளைக்கு அண்மையில் இருப்பதால் பேரிடர் விளைவிக்கும். குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள் ஆதலால் அவர்களுக்கு இத்தகைய கடிகள் நேரும் வாய்ப்பு மிகுதி.

வைரஸ் மூளையை அடைந்தபின் காய்ச்சல், கடித்த இடத்தில் குறுகுறுப்பு, மனக்கலக்கம் ஆகியவை தோன்றும். தண்ணீரைக் கண்டாலே தொண்டைத் தசைகள் இறுகி வலிக்கும். அறிகுறிகள் தோன்றிய பிறகு இந்நோயிலிருந்து மீண்டவர் மிக அரியர். ஆனால், கடித்தவுடன் முறையாக மருத்துவம் செய்துகொண்டால் இந்நோயைத் தடுத்துவிடலாம். கொடிய நோயொன்று, கடிக்கும் அறிகுறிக்கும் இடையே இவ்வளவு கால இடைவெளியை மனிதருக்கு விட்டுவைத்திருக்கிறது. அந்த இடைவெளியைப் பயன்படுத்துவதே அறிவு.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்று உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர். மனிதருக்கு இந்நோய் பரவுவதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிகழ்வுகளில் நாயே காரணம். எனினும் பூனை முதலிய பிற பாலூட்டிகளாலும் பரவக்கூடும். வெறிபிடித்து ஓடும் நாயே நோயைத் தரும் என்பது தவறான எண்ணம். ஓசையின்றி மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாயும் நோயுற்றதாக இருக்கலாம். தடுப்பூசி போடப்படாத சிறு குட்டியும் நோயைப் பரப்பலாம்.

பாரிசு முதல் குன்னூர் வரை

1885-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன் பாரிசு நகருக்கு அழைத்து வரப்பட்டான். இரண்டு நாள்களுக்கு முன் வெறிநாய் ஒன்று அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி வலுவிழக்கச் செய்து உருவாக்கிய மருந்தை லூயி பாஸ்டர் அவனுக்குச் செலுத்த ஏற்பாடு செய்தார். பாஸ்டர் வேதியியல் அறிஞர், மருத்துவர் அல்லர். ஆகவே மருத்துவர் ஒருவரே ஊசியிட்டார். அடுத்தடுத்துப் பதின்மூன்று முறை மருந்து செலுத்தப்பட்டது. சிறுவன் பிழைத்தான்.

அக்காலத்து இந்தியாவில் நாய் கடித்தோர்க்கு மருத்துவம் எளிதில் கிட்டவில்லை. 1900-ஆம் ஆண்டில் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் கடிபட்டவர் நாட்டின் வடகோடி வரை பயணம் செய்ய வேண்டியிருந்தது. மருந்து இருந்தும் தொலைவு உயிரைப் பறித்தது. 1902-இல் தென்னிந்தியாவில் இளம்பெண் ஒருத்தி இந்நோயால் இறந்தாள். அத்துயரம் பலரை வருத்தியது. தென்னிந்தியாவுக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் வழங்கிய நன்கொடையில் ஒரு பகுதி அதற்கு ஒதுக்கப்பட்டது. 1907-ஆம் ஆண்டு ஏப்ரலில் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. இன்று இந்தியப் பாஸ்டர் நிலையம் என வழங்கும் அந்நிறுவனம் தமிழ்நாட்டின் பெருமைகளுள் ஒன்று.

கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் என்னும் மருத்துவர் 1911-இல் ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து புதிய தடுப்பு மருந்தை உருவாக்கினார். பல பதின்ம ஆண்டுகள் இந்தியா முழுவதும் அதுவே பயன்பட்டது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று தாத்தாவும் பாட்டியும் அச்சத்தோடு சொல்வது அந்த மருந்தையே. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. இன்றைய மருந்து தோள்பட்டைப் பகுதியில் செலுத்தப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் மருத்துவம் தொடங்கும் நாள், அதன்பின் 3, 7, 28 ஆகிய நாள்கள் என நான்கு முறை வந்தால் போதும். பழைய அச்சத்துக்கு இன்று இடமே இல்லை. அவ்வச்சத்தால் கடியை மறைப்பதற்கே அஞ்ச வேண்டும்.

மறைக்கப்படும் கீறல்

பள்ளியிலிருந்து திரும்பும் சிறுமி ஒருத்தி தெருவோரத்து நாய்க்குட்டியைத் தூக்குகிறாள். குட்டியின் பல் அவள் விரலில் இலேசாகப் படுகிறது. ஒரு துளி குருதி கசிகிறது. வீட்டில் சொன்னால் அம்மா கடிந்துகொள்வார், குட்டியோடு இனி விளையாட விடமாட்டார் என்று எண்ணி அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். இரண்டு நாளில் காயம் ஆறிவிடுகிறது. தோல் மூடிவிட்டது. உள்ளே புகுந்த கிருமி இருந்தால் அதன் பயணம் மூடிய தோலின் அடியில் தொடரும்.

இது எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் நிகழக்கூடியது. குட்டிக்கு நோய் இல்லாமலும் இருக்கலாம். அதனைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. ஆகவே சிறுவர் செய்ய வேண்டியது ஒன்றே: எவ்வளவு சிறிய கீறலாயினும் அன்றே பெரியவரிடம் சொல்லுதல். பெரியவர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: சொன்ன பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருத்தல். அடிக்கு அஞ்சும் பிள்ளை கடியை மறைக்கும். தொலைதூர ஊரிலிருந்து வந்து நாள் கூலியில் வாழும் குடும்பங்களில் ஒரு நாள் வேலையை இழந்து மருத்துவமனைக்குச் செல்வது எளிதன்று. எனினும் இந்த ஒரு நோய்க்கு நாளை என்பது கிடையாது.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை

1. ஓடும் நீரில் சோப்பைப் பயன்படுத்திக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவுக. குழாய் இல்லாவிடில் குவளையால் நீரைத் தொடர்ந்து ஊற்றுக. வைரஸின் பெரும்பகுதியை இதுவே அகற்றும்.

2. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் ஆகிய எதனையும் காயத்தில் தடவாதிருக்க. இவை காயத்தைப் புண்ணாக்குமே அன்றிக் கிருமியைக் கொல்லா.

3. காயத்தை இறுகக் கட்டாதிருக்க.

4. அன்றே மருத்துவமனைக்குச் செல்க. கடித்த விலங்கு எது, எங்குக் கடித்தது, எப்போது கடித்தது, அது வளர்ப்பு விலங்கா, தெரு விலங்கா, அதற்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்பவற்றை மருத்துவரிடம் தெளிவாகக் கூறுக.

5. தொடங்கிய தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்க. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்ல நேர்ந்தால் மருத்துவச் சீட்டை உடன் எடுத்துச் சென்று, உரிய நாளில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்க.

மருத்துவர் கடியை மூன்று வகையாகப் பிரிப்பர். காயமற்ற தோலை விலங்கு நக்குவது முதல் வகை. அவ்விடத்தைக் கழுவினால் போதும். குருதி வராத சிறு கீறலும், பல் பட்ட தடமும் இரண்டாம் வகை. தடுப்பூசி தேவை. தோலைத் துளைத்துக் குருதி வந்த கடியும் கீறலும், காயத்தின் மீதோ கண், வாய் ஆகியவற்றின் மீதோ உமிழ்நீர் படுதலும் மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதத்தையும் காயத்திலேயே செலுத்துவர். தடுப்பூசி உடலுக்குள் எதிர்ப்பாற்றலை உருவாக்கச் சில நாள்கள் ஆகும். அதுவரை வாயிலில் காவல் நிற்பது இப்புரதம்.

கடித்தது நலமான வளர்ப்பு நாயோ பூனையோ ஆயின் அதனைப் பத்து நாள் கண்காணிப்பர். அது நோயின்றி உயிரோடு இருந்தால் கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் வைரஸ் இல்லை என்பது உறுதியாகும். ஆனால் அப்பத்து நாள் முடியட்டும் என்று மருத்துவத்தைத் தள்ளிவைத்தல் கூடாது.

எலிக்காய்ச்சல்

கேரளத்தில் மழைக்காலந்தோறும் பேசப்படும் மற்றொரு நோய் எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் திருகு வடிவப் பாக்டீரியா இதற்குக் காரணம். 1886-இல் செருமானிய மருத்துவர் அடால்ப் வைல் இந்நோயின் கடும் வடிவத்தை விவரித்தார். எலியின் சிறுநீரில் இப்பாக்டீரியா வெளியேறும். நாய், ஆடு, மாடு ஆகியவையும் இதனைச் சுமக்கக்கூடும். தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலந்த கிருமி, காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு ஆகியவற்றின் வழியே உடலில் புகும். 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் இந்நோய் பெருகியது. வெள்ளநீரில் இறங்கிப் பணியாற்றியோர்க்குத் தடுப்பு மாத்திரைகள் வழங்கப்பட்டன.

தானியப் பண்டகசாலைகள் உள்ள இடத்தில் எலிகள் இருப்பது இயல்பு. எலியைப் பிடிக்கும் பூனையை வணிகர் விரும்புவதும் இயல்பு. பூனையை மட்டும் நம்பியிருத்தல் போதாது. உணவுக் கழிவைத் திறந்த வெளியில் கொட்டாதிருத்தல், தானியத்தை மூடிவைத்தல், மழைநீர் தேங்கிய சந்துகளில் வெறுங்காலோடு நடவாதிருத்தல், காலில் புண் உள்ளபோது அந்நீரில் இறங்காதிருத்தல் ஆகியவை வேண்டும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண் சிவத்தல் ஆகியவை தோன்றினால் தாமாக மாத்திரை வாங்கி விழுங்காமல் மருத்துவரை அணுக வேண்டும். வளர்ப்பு நாய்க்கு இந்நோய்க்கும் தடுப்பூசி உண்டு.

பூனையும் பறவையும் பிறவும்

பூனையின் நகக் கீறலால் காய்ச்சலும் நெறிகட்டுதலும் வரலாம். பூனைக்குட்டியின் உடலில் முடி வட்டமாக உதிர்ந்திருப்பின் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதனைத் தூக்கிக் கொஞ்சும் குழந்தையின் கையில் படர்தாமரை தோன்றும். சில பூனைகளின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் வெளிவரும். அவை நோய் பரப்பும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். ஆகவே பூனையின் கழிவை நாள்தோறும் அகற்றுதல் நன்று. வயிற்றில் வளரும் குழந்தையை இவ்வொட்டுண்ணி தாக்கக்கூடும் என்பதால் அப்பணியைக் கருவுற்ற தாய்மார் செய்யாதிருத்தல் நலம். பூனையை வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை. கையுறையும் கைகழுவுதலும் போதுமான காவல்.

கிளி இனப் பறவைகளிடமிருந்து கிளிக்காய்ச்சல் எனப்படும் நுரையீரல் தொற்று வரலாம். 1929–30 ஆண்டுகளில் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கிளிகளால் பல நாடுகளில் இந்நோய் பரவியது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் அறியத்தக்கது. புறாவுக்குத் தானியம் இடுவது அறம். எச்சம் காய்ந்து தூசியாகும்போது அதனை முகர்வது நுரையீரலுக்குத் தீங்கு. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துப்புரவு செய்வதே முறை.

நாய்க்குட்டிகளின் குடலில் உள்ள உருண்டைப் புழுக்களின் முட்டைகள் மண்ணில் கலக்கும். மண்ணில் விளையாடிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தையின் வயிற்றை அவை அடையும். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். கொச்சி போன்ற கொசு மிகுந்த நகரங்களுக்கு இன்னொரு செய்தி உண்டு. நாயின் உடலில் வாழும் டைரோபிலேரியா என்னும் இழைபோன்ற புழுவைக் கொசு மனிதருக்குக் கடத்தும். கேரளத்தில் சிலரின் கண்ணிலிருந்தும் தோலடியிலிருந்தும் மருத்துவர் இப்புழுவை அகற்றியுள்ளனர். கொசுவலையின் பயன் டெங்கு, மலேரியா ஆகியவற்றோடு முடிவதில்லை என்பது இதனால் விளங்கும்.

ஒரு சொல், இரு பொருள்

தமிழும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகள். ஆயினும் ஒலியால் ஒத்த சில சொற்கள் பொருளால் வேறுபடுகின்றன. மருத்துவமனையில் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் உயிர் காக்கும்.

• பனி – தமிழில் குளிர்ந்த நீர்த்திவலை. மலையாளத்தில் காய்ச்சல். எலிப்பனி என்பது எலிக்காய்ச்சலே.
• பட்டி – தமிழில் தொழுவம், சிற்றூர். மலையாளத்தில் நாய்.
• முறிவு – தமிழில் ஒடிதல். மலையாளத்தில் காயம்.
• மாந்துதல் – தமிழில் பருகுதல். மலையாளத்தில் நகத்தால் கீறுதல்.

பூச்ச மாந்தியதா என்று செவிலியர் கேட்டால், பூனை கீறியதா என்பது பொருள். எலும்பு முறியவில்லை என்பதற்கு முறிவு இல்லை என்று தமிழில் விடை கூறினால், காயமே இல்லை என்று அவர் பொருள் கொள்வார். மருத்துவமனைப் பலகையில் பேவிஷபாதை என்று எழுதப்பட்டிருப்பது வெறிநாய்க்கடி நோய். குத்திவைப்பு என்பது ஊசி. மிருகாசுபத்திரி என்பது கால்நடை மருத்துவமனை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் கேட்டு வளரும் பிள்ளை, ஊரிலிருந்து புதிதாக வந்த பாட்டிக்கும் செவிலியருக்கும் இடையே நல்ல மொழிபெயர்ப்பாளராக நிற்க முடியும்.

வளர்ப்போர் கடமை

விலங்கை வீட்டுக்குக் கொண்டுவருவது ஒரு நாள் மகிழ்ச்சி. அதனைப் பேணுவது பல ஆண்டுப் பொறுப்பு. நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கி, கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் தவறாது தொடர வேண்டும். குடற்புழு நீக்க மருந்து அளிக்க வேண்டும். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் அண்டாமல் குளிப்பாட்ட வேண்டும். வளர்க்க இயலாத குட்டிகளைத் தெருவில் விடுவது அவற்றுக்கும் தெருவுக்கும் செய்யும் தீங்கு. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் நாயையும் தொடுதல் கூடாது. அறிமுகமற்ற நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல் அசையாது நிற்க வேண்டும்.

2030-ஆம் ஆண்டுக்குள் நாய்வழி வெறிநோயால் ஒருவர்கூட இறவாத நிலையை எய்த வேண்டும் என்று உலக நாடுகள் உறுதி பூண்டுள்ளன. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாள் உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நாயைக் கொல்வதால் இவ்விலக்கை எட்ட இயலாது. ஓர் ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுபடும் என்பது அறிவியல் கண்ட உண்மை. தடுப்பூசி போடப்பட்ட ஒவ்வொரு நாயும் தன் தெருவுக்கு ஒரு காவலாள். எடுத்தனூர்க் கோவிவன் பெற்ற பெருமையில் அதற்கும் பங்குண்டு.

சொற்பொருள்

தொன்மை – பழைமை
வழித்தோன்றல் – பரம்பரையில் வந்தவர்
பண்டகசாலை – பொருள்களைச் சேமிக்கும் கூடம்
எச்சம் – பறவையின் கழிவு
நெறிகட்டுதல் – கழுத்து, அக்குள் முதலிய இடங்களில் கட்டி போல் வீங்குதல்
திவலை – துளி
எய்துதல் – அடைதல்

இலக்கணக் குறிப்பு

கடித்த நாய் – பெயரெச்சம்
அழியாக் கல் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
அஞ்சாது வளர்க்கலாம் – எதிர்மறை வினையெச்சம்
நாயும் பூனையும் – எண்ணும்மை
கழுவுக, செல்க – வியங்கோள் வினைமுற்று
மெல்ல மெல்ல – அடுக்குத்தொடர்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. எடுத்தனூர் நடுகல்லில் குறிக்கப்பட்ட நாயின் பெயர் ________.
2. குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட ஆண்டு ________.
3. நாய் கடித்த காயத்தை ________ நிமிடம் கழுவ வேண்டும்.
4. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியா ________.

ஆ. பொருத்துக.
1. படர்தாமரை – தேங்கிய நீர்
2. எலிக்காய்ச்சல் – கொசு
3. வெறிநாய்க்கடி நோய் – பூஞ்சை
4. டைரோபிலேரியா – உமிழ்நீர்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. விலங்குவழி நோய் என்றால் என்ன?
2. தலையிலும் முகத்திலும் ஏற்படும் கடி ஏன் பேரிடர் விளைவிக்கும்?
3. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் ஏன் செலுத்தப்படுகிறது?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. நாய் கடித்தவுடன் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துக.
2. தென்னிந்தியாவில் பாஸ்டர் நிலையம் தோன்றிய வரலாற்றைக் கூறுக.
3. பிள்ளைகள் கடியை மறைப்பதற்கான காரணங்கள் யாவை? அவற்றை நீக்கும் வழிகள் யாவை?

உ. இரு மொழிகளிலும் வெவ்வேறு பொருள் தரும் சொல்லைத் தமிழ்ப் பொருளில் அமைத்துத் தொடர் எழுதுக.
பனி, பட்டி, முறிவு, மாந்துதல்

ஊ. உரையாடல் எழுதுக.
பூனை கீறியதை மறைத்த தம்பியிடம் அக்கா பரிவோடு பேசி, அம்மாவிடம் சொல்லச் செய்வதாக எட்டுத் தொடர்களில் உரையாடல் அமைக்க.

எ. செயல்திட்டம்
வீட்டிலோ அண்டை வீட்டிலோ வளரும் விலங்கு ஒன்றின் பெயர், வயது, கடைசியாகத் தடுப்பூசி போட்ட நாள், அடுத்த தடுப்பூசி நாள், குடற்புழு மருந்து அளித்த நாள் ஆகியவற்றைப் பெரியவரிடம் கேட்டறிந்து அட்டவணையாக எழுதுக. அதனை வீட்டில் அனைவரும் காணும் இடத்தில் ஒட்டிவைக்க.